பெரிய பூசையில் வாசித்த ஓலை

சாமியார் பிரசங்கத்தை முடித்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப் பிரித்தபோது, வின்சன்ட் இடியப்பத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தான். பூசையில் நன்மை அப்பம் வாங்கும்வரை வெறும் வயிறு. பூசை முடிந்ததும் சந்திக் கடையில் சொதியோடு இடியப்பம். தன் ஞாயிற்றுக்கிழமைப் பக்தியில் பாதி அந்தச் சொதிக்கு உரியது என்பது கடவுளுக்கும் தெரியும், வின்சன்ட்டுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. "இரத்தோட்டையில் வசிக்கும் மரித்த சவரிமுத்துவின் மகள் திரேசம்மாவுக்கும்..." என்று சாமியார் வாசித்தார். வின்சன்ட் இடியப்பத்திலிருந்து முழுவதுமாக வெளியே வருவதற்குள் மாப்பிள்ளையின் பெயர் பாதி போய்விட்டது. நாவலப்பிட்டி என்பதும், ரயில்வே என்பதும், மனைவியை இழந்தவர் என்பதும் காதில் விழுந்தன. "இவர்களுக்கிடையில் விவாகத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதலாம் ஓலை." கல்யாணத்துக்கு முந்தி மூன்று ஞாயிறு இப்படி ஓலை வாசித்தாக வேண்டும். வாசித்து முடித்ததும் கண்ணாடிக்கு மேலாகக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது இந்தச் சாமியாரின் வழக்கம். யாராவது எழும்புவார்களா என்று பார்க்கிறாரா, யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்க்கிறாரா என்று சொல்ல முடியாது.

வின்சன்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படியான நேரத்தில் நெஞ்சில் ஏதோ பாயும், கண் இருட்டும் என்றெல்லாம் அவன் கேள்விப்பட்டிருந்தான். பாயவில்லை. நெடுநேரம் முழந்தாளில் நின்றவனுக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகுமே, அப்படி உடம்பின் நடுப்பகுதி முழுவதும் இருந்தது. எழும்பி நடந்தால்தான் ஊசி குத்தும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் எல்லாரும் எழும்பியபோதும் அவன் எழும்பாமல் உட்கார்ந்திருந்தான்.

எல்லாரும் என்றால், ஆர்மோனியக்காரரும் நாலைந்து கிழவிகளும். அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக்கிவிட்டுப் பௌத்தர்களின் நிலா நாளான போயாவை லீவு நாளாக்கியதிலிருந்து பெரிய பூசையின் கதி அதுதான். நிலா வளர்ந்தால் லீவு, தேய்ந்தால் லீவு; ஒரு வாரம் ஏழு நாளில் முடியும், ஒரு வாரம் எட்டு நாளுக்கு நீளும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையில் எழும்பியதும் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பதை விட்டுவிட்டு, நிலா எங்கே என்று கேட்கிற காலம். வேலைக்குப் போகிற வேதக்காரர்களுக்காகச் சாமியார் விடிகாலையில் ஒரு சின்னப் பூசை வைத்தார். அதில் பிரசங்கம் கிடையாது, அறிவித்தல் கிடையாது. ஆசீர்வாதம் முடியும் முன்னமே பாதிப்பேர் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். "ஓலை வாசிக்கிறது பெரிய பூசையிலதான். ஆக்கள் வராட்டி சுவர் கேக்கட்டும்" என்று யாழ்ப்பாணத்துச் சாமியார் பிடிவாதமாக இருந்தார். சுவர்களும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

வின்சன்ட் மட்டும் எப்படி வந்தான் என்றால், அது அவனுக்கும் ஸெய்னுலாப்தீன் முதலாளிக்கும் இடையிலான உடன்படிக்கை. மாத்தளைத் திருகோணமலை வீதியில் முதலாளியின் இரும்புக்கடையில் அவன் பதினெட்டு வயதிலிருந்து நிற்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முதலாளி பள்ளிக்குப் போகும்போது கடையை வின்சன்ட் பார்ப்பான். ஞாயிறு பெரிய பூசைக்கு வின்சன்ட் போகும்போது முதலாளி பார்ப்பார். போயாவுக்கு இரண்டு பேருமே கடையைப் பூட்டிவிட்டு, ஒரு மார்க்கமும் கேட்காத ஓய்வை எடுத்துக்கொண்டு வீட்டில் கொட்டாவி விடுவார்கள்.

கடைக்குத் திரும்பியபோது முதலாளி கணக்கு மேசைக்குப் பின்னால் காலை மடித்து உட்கார்ந்து, கதவுப் பிணைச்சல் பெட்டி ஒன்றில் பேரீச்சம்பழக் கொட்டைகளைத் துப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன வின்சன்ட், மொகம் காஞ்ச நெத்தலி மாதிரி ஈக்குது? சொதி கெடைக்கல்லயா?"

"இன்னைக்குச் சாப்பிடலங்க முதலாளி. ஓலை வாசிச்சாங்க. நேரமாயிருச்சு."

"ஓலன்டா?"

வின்சன்ட் விளக்கினான். முதலாளி ஒரு கொட்டையை வாயில் உருட்டியபடி யோசித்தார்.

"எங்கட பக்கம் நிக்காஹ்ல பொண்ணு வாய மூடிக்கிட்டு ஈந்தா அது சம்மதம். ஒங்கட பக்கம் ஊரே வாய மூடிக்கிட்டு ஈக்கணும். எங்கட வேல லேசி." பிறகு, "யார்ட ஓல?" என்று கேட்டார்.

"பஸ்தியாம்பிள்ளை தங்கச்சி. ரத்தோட்ட."

"ஆ, அந்த ஸ்டோர்கார மனுசன்ட. நல்ல விசயம். நீயும் ஒரு ஓலய வாசிச்சிப் போட்டா நானும் ஒரு சாப்பாடு திண்ணலாம்."

"எனக்கு வாசிச்சா, தடை சொல்ல இந்த ஊரு பத்தாதுங்க. கண்டியிலேருந்து ஆள் கூப்பிடணும்."

முதலாளி சிரித்தார். வின்சன்ட்டும் சிரித்தான். நாற்பதை நெருங்கும் பிரம்மச்சாரிக்கு ஊர் கொடுக்கிற வேலை அதுதான்: தன்னைப் பற்றிய பகிடியை அடுத்தவன் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். வின்சன்ட் அந்த வேலையில் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை, போயாவுக்குக்கூட.

பதினொரு வருஷத்துக்கு முந்தி, பஸ்தியாம்பிள்ளை தன் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நிற்க வின்சன்ட்டைக் கூப்பிட்டான். தோட்டத்து ஸ்டோருக்கு ஆணியும் கூரைத்தகடும் வாங்க வந்து வந்து சிநேகிதமானவன். ஞானத்தாய், அவன் தங்கை திரேசம்மா. தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் அப்போதுதான் ஆயம்மாவாகச் சேர்ந்திருந்தாள். குழந்தையைத் தொட்டிக்கு மேலாக அவள் பிடித்தாள். தலையின் கீழ் வின்சன்ட் கையை வைத்தான். தண்ணீர் விழுந்ததும் குழந்தை வீரிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ச்சு ச்சு" என்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றைக்கு அவன் போட்டிருந்த புதுச் சட்டை ஞானஸ்நானத்துக்காக வாங்கியது அல்ல. சாப்பாடு முடிந்ததும் பஸ்தியாம்பிள்ளையை ஒரு பக்கம் கூப்பிட்டுப் பெண் கேட்பதென்று, பஸ்ஸில் வரும்போதே நாலு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான்.

சாப்பாட்டின் நடுவில், கறிச்சட்டியோடு வந்த திரேசம்மாவின் தாய் மதலேனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இனி நீங்க ரெண்டு பேரும் ஞானத்துல அண்ணன் தங்கச்சி. ஒரே புள்ளைக்குக் கை வச்சவங்க. கலியாணம் காச்சின்னு நெனச்சாக்கூட கோயில் ஒத்துக்காது, பாத்துக்குங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக வின்சன்ட் சிரித்தான். அன்றைக்கு நாலு விதமான வசனமும் கறியோடு உள்ளே போயின.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஞானப்பிள்ளை பிலோமினாவுக்குக் கேக்கும் சட்டைத்துணியும் கொண்டு போனான். திரேசம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அவன் ஏதாவது ஒரு பகிடி சொல்வான், அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரிப்பாள், பஸ் வந்துவிடும். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு குறை, அவர்களைப் பார்த்த இவளுக்கு ஒரு குறை என்று வருஷங்கள் போயின. ஞானத்துத் தங்கை என்ற சொல் ஒரு வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்கு ஒரு வசதி இருக்கிறது, தாண்டச் சொல்லி அவனை யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு மழை. ஆர்மோனியக்காரர்கூட வரவில்லை. பூசை முடிந்தும் மழை விடாததால் கோயில் முகப்பில் வின்சன்ட் ஒதுங்கி நின்றான். அங்கியைக் கழற்றிவிட்டுச் சாமியார் வந்து பக்கத்தில் நின்றார். மனிதர்களைக் காணாத ஏக்கம் அவருக்கு. வின்சன்ட் ஒருவனே அன்றைய சபை.

"நீர் ஒராள்தானய்யா என்ரை ஓலையைக் கேக்கிறது. நாளைக்கு ஏதும் தடை கிடை எண்டு வந்தால் உம்மைத்தான் பிடிக்கோணும்."

"என்னையப் புடிச்சு என்னங்க சாமி பண்ண? நானே ஒரு தடை. பொண்ணும் நானும் ஒரே புள்ளைக்கு ஞானத்தாய் தகப்பன். எனக்கே கட்டிக் குடுக்க ஏலாது" என்றான் வின்சன்ட். பதினொரு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன பகிடி அது. முதல் தடவையாக இன்னொருவர் காதில் போட்டான். சாமியார் சிரிப்பார் என்று எதிர்பார்த்தான்.

சாமியார் சிரிக்கவில்லை. "ஆர் உமக்குச் சொன்னது?"

"எல்லாரும் சொல்றதுதானுங்க..."

"விசர்க் கதை. ஞானத்தகப்பனும் ஞானப்பிள்ளையும் கட்டேலாது. அது சட்டம். ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் கட்டினால் திருச்சபைக்கு என்ன நட்டம்? அப்பிடி ஒரு தடையும் இல்லைக் காணும். போன வருசம்கூட இப்பிடி ஒரு சோடிக்கு நானே கட்டி வைச்சனான்." மழையைப் பார்த்துக் கையை நீட்டினார். "குறைஞ்சிட்டுது போலை. நீர் போம், உம்மடை முதலாளி ஹாஜியார் தேடப் போறார்."

வின்சன்ட் போனான். மழை குறைந்திருக்கவில்லை. சந்திக் கடைக்குள் போய் இடியப்பம் சொல்லி, தட்டு வந்ததும் சொதியை ஊற்றி, முழுவதையும் சாப்பிட்டு முடித்தான். இன்னொரு தட்டும் சாப்பிட்டான். பிறகு கடைக்குப் போய் ஒரு வில்கமுவைக்காரனுக்கு மம்மட்டி ஒன்றும், பிடி ஒன்றும் விற்றான். பிடி பொருந்துகிறதா என்று போட்டுக் காட்டி, ஆப்பும் அடித்துக் கொடுத்தான். எல்லாம் சரியாக நடந்தன. கையும் காலும் தன்னைக் கேட்காமலே வேலை செய்கின்றன என்பதை ஒரு தூரத்திலிருந்து பார்த்தபடி இருந்தான். பதினொரு வருஷம். ஒரு கேள்வி. மாத்தளைக் கோயிலில் அந்தக் காலத்துக்குள் மூன்று சாமிமார் மாறியிருந்தார்கள். மூவரோடும் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறான், மிளகு விலையைப் பற்றிப் பேசியிருக்கிறான். பதில் தெரியாமல் இருந்தானா, பதில் தெரிந்துவிடுமோ என்று பயந்து கேட்காமல் இருந்தானா என்று யோசிக்கத் தொடங்கியபோது ஒருவர் வந்து முக்கால் அங்குல ஆணி கேட்டார்.

அடுத்த போயாவுக்கு அவன் இரத்தோட்டைக்குப் பஸ் ஏறினான். எதற்குப் போகிறான் என்று யாராவது கேட்டிருந்தால் ஞானப்பிள்ளையைப் பார்க்க என்று சொல்லியிருப்பான். யாரும் கேட்காததால் தனக்கும் அதையே சொல்லிக்கொண்டான். பஸ் முழுக்க வெள்ளை உடுப்பு. பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்குப் போகிறவர்கள். இடமில்லாமல் நின்ற ஒரு சிங்கள அம்மா, கம்பியைப் பிடிப்பதற்காகத் தன் பூத்தட்டை அவன் மடியில் வைத்து, "மாத்தயா, மேக்க ட்டிக்கக் அல்லன்ன" என்றாள், ஐயா இதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று. அரலிப் பூவும் தாமரையும். புத்தருக்கு வைக்கிற பூவை முந்தி யாரும் மணக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். இரத்தோட்டை வரையில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியபடி, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு வந்தான். இறங்கும்போது அந்த அம்மா பூக்களைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். சம்பந்தமில்லாத பொருளைப் பழுதில்லாமல் காத்துக் கொடுப்பதில் வின்சன்ட்டை மிஞ்ச ஆளில்லை.

பஸ்தியாம்பிள்ளையின் வீட்டு வாசலில் சுண்ணாம்பு வாளி. "வாய்யா மச்சான், சரியான நேரத்துக்கு வந்தே!" என்று பஸ்தியாம்பிள்ளை கத்தினான். கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். சுவரோரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தும்புத் தூரிகையோடு ஒரு மனிதர் நின்றார். காதோரம் நரைத்தவர், கண்ணில் ஒரு தூக்கக் கலக்கம். "இவருதான் மாப்பிள்ளை. பாக்கியநாதன். லீவுதானேன்னு வந்தாரு, நான் தூரிகையைக் குடுத்துட்டேன்."

"உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேங்க" என்று பாக்கியநாதன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு நீட்டினார். "எங்க ஓலைக்குக் காது குடுக்கிறது நீங்க ஒரு ஆளுதானாமே. சாமி சொன்னதா இவங்க சொன்னாங்க. எனக்கு அங்கயும் அதே கததாங்க. நாவலப்பிட்டிக் கோயில்ல சங்கிலித்தாம்கூட வரல."

"சங்கிலித்தாமுக்கு லீவு கெடைச்சிருக்காது" என்றான் வின்சன்ட். சங்கிலித்தாம் என்பது கோயிலில் மணியடிக்கிறவர். எல்லாரும் சிரித்தார்கள். வேலை நடந்துகொண்டிருந்தது.

"ஏணி பின்னால கெடக்கு, எடுத்துட்டு வா" என்று பஸ்தியாம்பிள்ளை அனுப்பினான்.

பின்னால் குசினி வாசலில் திரேசம்மா திருவலைக் கட்டையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே நின்றான். வரும் வழியில் இந்தத் தடவை ஒரு விதமாகவும் சொல்லிப் பார்க்கவில்லை. பூத்தட்டு விடவில்லை.

"சாமிகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்" என்றான். "ஞானத்தகப்பனுக்கும் ஞானத்தாய்க்கும் அப்படித் தடை ஒண்ணும் இல்லயாம். உங்க அம்மா சொன்னது சும்மாவாம்."

தேங்காய்ப்பூ தட்டில் விழுந்துகொண்டே இருந்தது.

"தெரியும்" என்றாள் திரேசம்மா.

"யாரு சொன்னா?"

"முந்தி இருந்த சாமிதான். பாவசங்கீர்த்தனத்துல கேட்டேன். பிலோமினா புதுநன்மை எடுத்த வருஷம். இது ஒரு பாவமான்னு அவரு சிரிச்சாரு."

பிலோமினா முதல் தடவையாக நன்மை வாங்கிய அந்தப் புதுநன்மைக்கு வின்சன்ட் வெள்ளைச் சப்பாத்து வாங்கி வந்திருந்தான். அளவு பெரிதாகிப் போனதால் முன்பக்கம் பஞ்சு வைத்தார்கள். அதைப் பற்றி அன்றைக்கு அவன் சொன்ன பகிடிகூட ஞாபகம் இருந்தது.

"எனக்குச் சொல்லலயே."

"கேக்கத்தான் தைரியம் வந்துச்சு. சொல்ல வரல." பாதிச் சிரட்டையைத் திருப்பிப் பிடித்தாள். "நீங்க ஒரு ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போறவரு. ஒரு நாளைக்கு வாயத் தொறந்து கேட்டுருவீங்கன்னு இருந்தேன். அந்தக் கிறிஸ்மஸுக்கு வந்தீங்க. கேக் கொண்டாந்தீங்க. அடுத்த கிறிஸ்மஸுக்கும் கொண்டாந்தீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். வின்சன்ட் பகிடி ஒன்றைத் தேடினான். சட்டைப்பையில் சில்லறை தேடுகிறவனைப்போல எல்லா இடத்திலும் தேடினான்.

"அம்மா அத வேணும்னேதான் சொன்னாங்களோ என்னவோ" என்றாள் அவள். "கேட்டா இப்ப ஞாபகம் இல்லங்கிறாங்க."

"இப்ப ரெண்டு ஓலை வாசிச்சாச்சு" என்றான் வின்சன்ட்.

"ம்."

"மூணாவது இருக்கு."

அவன் சொல்ல நினைத்துச் சொன்னதல்ல, வாயிலிருந்து விழுந்தது. தேங்காய் துருவும் சத்தம் நின்றது. அவள் நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள். இந்தப் பதினொரு வருஷத்தில் தலைப்பால் வாயை மூடாமல் அவள் முகம் முழுவதையும் அவன் பார்த்தது அப்போதுதான் என்று பட்டது. அவள் ஏதோ கேட்கப்போனாள்.

"ஏணிய செஞ்சுக்கிட்டா இருக்கே, மச்சான்?" முன்பக்கமிருந்து பஸ்தியாம்பிள்ளை.

"தேத்தண்ணி அங்க கொண்டாறேன்" என்று அவள் மறுபடி குனிந்தாள்.

அன்று பின்னேரம் வரையும் வின்சன்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே பாக்கியநாதன் கூரையோரத்துக்கு வெள்ளை அடித்தார். அடித்துக்கொண்டே பேசினார். இரண்டு பிள்ளைகள். பெரியவன் பரவாயில்லை. சின்னது, தாய் போனதிலிருந்து வாயைத் திறப்பதில்லை. டாக்டரிடம் காட்டினார், மடு மாதா கோயிலுக்கும் கூட்டிப்போனார். போன மாதம் இங்கே கூட்டிக்கொண்டு வந்தபோது அது திரேசம்மாவின் பின்னாலேயே பிள்ளைக் காம்பராவுக்குப் போய், அங்கே தொட்டிலில் கிடந்த குழந்தையைக் காட்டி, "இது அழுவுது" என்று சொன்னதாம். "அவ்வளவுதாங்க சொன்னிச்சு. ரெண்டு வார்த்த. நான் ராத்திரி முழுக்கத் தூங்கல" என்றார் பாக்கியநாதன். சுண்ணாம்புத் துளி ஒன்று வின்சன்ட்டின் தலையில் விழுந்தது. "ஐயோ, மன்னிச்சுக்குங்க." "பரவாயில்லீங்க, ஏற்கெனவே அந்த நிறத்துக்குத்தான் போய்க்கிட்டு இருக்கு" என்றான் வின்சன்ட். ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டான். பிடியைக் கொஞ்சம் விட்டால் என்ன ஆகும் என்ற எண்ணம்கூட வரவில்லை. வந்திருந்தால் தன்னை ஒரு மனிதன் என்றாவது நினைத்திருக்கலாம்.

மூன்றாவது ஞாயிறு காலையில், முதலாளி வருவதற்கு முன்னாலேயே கடைப் பலகைகள் கழற்றப்பட்டிருந்தன. வின்சன்ட் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதலாளி தொப்பியைச் சரிசெய்தபடி வாசலில் நின்று, வீதியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"இன்டைக்கி ஞாயிறில்லயா? எனக்கி மாறிப் போச்சா?"

"ஞாயிறுதானுங்க. ரத்தோட்டையிலேருந்து லொறி வருது. கூரைத்தகடு ஏத்தணும்."

"லொறி பின்னேரம். நீதானே செல்லிய."

வின்சன்ட் தராசின் மற்றத் தட்டைத் துடைத்தான்.

முதலாளி உள்ளே வந்து மேசைக்குப் பின்னால் உட்காராமல், அவனுக்கு முன்னால் இருந்த சீமெந்து மூட்டையில் உட்கார்ந்தார். "வின்சன்ட், நான் ஒன்னும் கேக்கல்ல" என்றார். "ஒங்கட மார்க்கம் எனக்கி வெளங்காது. ஆனா நீ இந்தக் கடக்கி வந்த நாள்லருந்து ஒரு ஞாயிறு நீ போகாம ஈந்ததில்ல, ஒரு வெள்ளி நான் போகாம ஈந்ததில்ல. இன்டைக்கி நீ போகல்லண்டா அடுத்த வெள்ளி நான் எந்த மொகத்தோட பள்ளிக்குப் போற? எழும்பு. அந்தத் துணியத் தா."

"பூச தொடங்கியிருக்கும்ங்க."

"அப்ப ஓடு. நாப்பது வயசுக் குமரன் ஓடினாப் பாக்கிற ஆக்களுக்கும் ஒரு நன்ம."

வின்சன்ட் ஓடவில்லை. முதலில் நடந்தான். தபால் கந்தோருக்குப் பக்கத்தில் நடை வேகமானது. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. வேலை நாள் வீதி. அரிசி மூட்டை இறக்குகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போகிறார்கள், பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே திரும்புகிறது. கோயில் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கியது. மரத்துப்போயிருந்த இடத்தில் எங்கோ ஓர் ஓரமாகக் குத்தத் தொடங்கியிருந்தது.

உள்ளே சாமியாரின் குரல் நாவலப்பிட்டிக்கு வந்திருந்தது. ஆர்மோனியக்காரர் கொட்டாவியை மறைத்தார். கிழவிகள் தங்கள் தங்கள் இடத்தில். பெண்கள் பக்கத்தில், முன்னாலிருந்து இரண்டாவது வாங்குப் பலகையில், வெள்ளைச் சேலையால் முக்காடிட்ட ஒரு தலை இருந்தது. தன் ஓலையைத் தான் கேட்கக் கூடாது என்பார்கள். கல்யாணப் பெண் அந்த மூன்று ஞாயிறும் வேறு கோயிலுக்குப் போவாள், இல்லாவிட்டால் காய்ச்சல் என்று படுத்திருப்பாள். அதுவும் இன்றைக்கு வேலை நாள். பிள்ளைக் காம்பராவை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு முதல் பஸ்ஸுக்கே வந்திருக்க வேண்டும். கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தே அது யார் என்று வின்சன்ட்டுக்குத் தெரிந்தது.

வாசலில் நின்றபடியே தீர்த்தத் தொட்டிக்குள் விரலை விட்டான். வெகுநேரம் திறந்து கிடந்த தண்ணீர், குளிர்ந்திருந்தது. நெற்றியைத் தொட்டான். நெஞ்சைத் தொட்டான்.

"...அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது மூன்றாம் ஓலை."

சாமியார் காகிதத்தை மடித்தார். கண்ணாடிக்கு மேலாக வழக்கம்போலச் சுற்றிப் பார்க்கத் தொடங்கி, முக்காடிட்ட தலையில் ஒரு கணம் நின்று, வாங்குகளின் நடு ஒழுங்கையின் கடைசியில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றவனிடம் வந்து நின்றார். சுவர்களும் கேட்டுக்கொண்டிருந்தன. வெள்ளைத் தலை திரும்பவில்லை. ஆனால் முன்வாங்கின் சாய்மானத்தை அவளுடைய ஒரு கை எட்டிப் பிடித்தது, எழும்பப் போகிறவர்கள் பிடிப்பதுபோல, அல்லது எழும்பாமல் இருப்பதற்குப் பிடிப்பதுபோல. வின்சன்ட்டின் விரல் நெஞ்சுக்கும் இடத்தோளுக்கும் நடுவில் நின்றுவிட்டது. விரல் நுனியிலிருந்து தண்ணீர் இறங்கி, உள்ளங்கையைக் கடந்து, சட்டைக் கைக்குள் போய்க்கொண்டிருந்தது.